லேப்டாப்பை டிவியில் செருகியும் படம் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

பத்துமலைத் தைப்பூச நேரலையைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் படங்களை ஓட்ட வேண்டும். பிள்ளையின் ஆன்லைன் பாடத்தை வீட்டு டிவியில் காட்ட வேண்டும். இப்படி ஏதாவது ஒரு நாளில்தான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கமிருந்து எனக்கு அழைப்பு வரும். "தம்பி, டிவி கெட்டுப்போச்சு போல, புதுசு வாங்கிடலாமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் டிவியும் நன்றாக இருக்கும், லேப்டாப்பும் நன்றாக இருக்கும். நடுவில் உள்ள கேபிளோ, அடாப்டரோ, ரிமோட்டில் அழுத்தாமல் விட்ட ஒரு பொத்தானோதான் காரணமாக இருக்கும்.

அதனால் கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போய், மேலிருந்து கீழாகச் செய்து பாருங்கள். செலவில்லாதவை முதலில் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டால் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பும்.

அறிகுறி: டிவியில் "நோ சிக்னல்" என்று மட்டும் வருகிறது

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*டிவி சரியான வாயிலைப் பார்க்கிறதா?*

டிவியின் பின்புறம் எச்டிஎம்ஐ (HDMI, படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு) துளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். கேபிள் எந்த எண்ணில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். நம் வீடுகளில் முதல் துளையை ஆஸ்ட்ரோ (டிஷ் வழியாகச் சேனல் தரும் சேவை) பெட்டி பிடித்துக்கொண்டிருக்கும், லேப்டாப் கேபிள் இரண்டிலோ மூன்றிலோ இருக்கும். ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பொத்தானை அழுத்தி அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்ட்ரோ ரிமோட்டில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், டிவியோடு வந்த ரிமோட் வேண்டும். "ஏஆர்சி" என்று எழுதிய துளையிலும் லேப்டாப் வேலை செய்யும். ஆனால் சவுண்ட்பார் இருந்தால் அதற்குத்தான் அந்தத் துளை, விட்டுவிடுங்கள்.

*லேப்டாப் படத்தை வெளியே அனுப்புகிறதா?*

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே பி (P) எழுத்தை அழுத்துங்கள். நான்கு தேர்வுகள் வரும். "பிசி ஸ்கிரீன் ஒன்லி" என்று இருந்தால் டிவிக்கு எதுவும் போகாது. "டூப்ளிகேட்" தேர்ந்தெடுத்தால் இரண்டிலும் ஒரே படம். டிவியில் வெறும் வால்பேப்பர் மட்டும் தெரிந்து உங்கள் விண்டோ எதுவும் இல்லையென்றால் அது "எக்ஸ்டெண்ட்" நிலை, கோளாறு அல்ல. மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் "டிஸ்ப்ளேஸ்" பகுதிக்குப் போய் டிவியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

*கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா?*

சுவரில் மாட்டிய டிவியில் இதைக் கட்டாயம் பாருங்கள். செந்தூலில் ஒரு காண்டோ வீட்டில், டிவிக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் போகும் இடம்தான் இருந்தது. கேபிளின் தலை சுவரில் இடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரிசி மணி நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் செருகியிருப்பது போலவே தெரியும். கைபேசி டார்ச்சை அடித்து மேலிருந்து பார்த்தபோதுதான் வெள்ளி நிற விளிம்பு கண்ணில் பட்டது. அழுத்திவிட்டவுடன் படம் வந்தது, டிவியைச் சுவரோடு தள்ளியவுடன் போய்விட்டது. இந்த மாதிரி இடத்துக்கு எல் வடிவத்தில் வளைந்த தலையுள்ள கேபிளோ சின்ன அடாப்டரோ போட்டால் தீர்ந்தது. வாங்கும்போது தலை மேல்நோக்கி வளைய வேண்டுமா கீழ்நோக்கியா என்று பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டும் விற்கிறார்கள், மாறி வாங்கினால் பயன்படாது.

டார்ச் கையில் இருக்கும்போதே துளையின் உள்ளேயும் பாருங்கள். நடுவில் ஒரு சிறு நாக்கு, அதில் வரிசையாகத் தங்க நிறக் கோடுகள் தெரியும். நாக்கு உடைந்தோ வளைந்தோ இருந்தால் எதையும் செருகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பச்சை படிவதும் உண்டு, சிற்றெறும்பு குடியேறுவதும் உண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டுக் காற்றடிக்கும் கேன் கொண்டு ஊதலாம். ஊசி, ஊக்கு எதையும் உள்ளே விடக்கூடாது.

*இரண்டையும் முழுதாக அணைத்துப் பார்த்தீர்களா?*

ரிமோட்டில் அணைத்தால் டிவி உண்மையில் அணைவதில்லை. சுவர் சுவிட்சையே அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். லேப்டாப்பையும் ஷட்டவுன் செய்யுங்கள். பிறகு கேபிளைச் செருகி, முதலில் டிவியைப் போட்டு, சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் பின் லேப்டாப்பைப் போடுங்கள். "நான் இன்ன டிவி, இன்ன அளவு படம் எனக்கு ஆகும்" என்று டிவி சொல்வதை லேப்டாப் கேட்டுக்கொண்டுதான் படத்தை அனுப்பும். அந்தப் பேச்சு நடுவில் அறுந்துபோயிருந்தால் இப்படிப் புதிதாகத் தொடங்கினால் சரியாகிவிடும். ரீஸ்டார்ட் செய்ய நேரமில்லாத இடத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தை அழுத்துங்கள். திரை ஒரு கணம் கருத்து மீளும், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும்.

*ஆஸ்ட்ரோ பெட்டி சோதனை*

இதுவரை சரியாகவில்லை என்றால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்வது இது. ஆஸ்ட்ரோ படம் ஒழுங்காக வருகிறது அல்லவா? அப்படியானால் அந்தக் கேபிளும் அந்த டிவி துளையும் நல்லவை. டிவி பக்கத்து முனையைத் தொடாமல், பெட்டியின் பக்கத்து முனையை மட்டும் உருவி லேப்டாப்பில் செருகுங்கள்.

படம் வந்துவிட்டதா? உங்கள் பழைய கேபிளில் அல்லது அது இருந்த துளையில் கோளாறு. இப்போது அந்தப் பழைய கேபிளை ஆஸ்ட்ரோ பெட்டிக்கும் முதல் துளைக்கும் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் கேபிள் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள். வந்தால் கேபிள் நல்லது, அது இருந்த துளைதான் சந்தேகம். வேறு துளையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

படம் வரவில்லையா? கோளாறு லேப்டாப் பக்கம். உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து கிராபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போடுங்கள். நண்பர் வீட்டு டிவியில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையே போயிருக்கலாம்.

*எப்போது கடைக்குப் போக வேண்டும்?*

லேப்டாப்பின் துளை போய், யூஎஸ்பி-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி அதில் இருந்தால் பழுது பார்க்கவே வேண்டாம். ஒரு அடாப்டர் போதும், மதர்போர்டில் கை வைப்பதைவிட அதுவே நல்லது. அந்த வசதி இல்லையென்றால் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் பழுது பார்க்கும் கடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். துளையை மட்டும் மாற்றுவார்களா, போர்டையே மாற்றச் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் வெளிக் கடையில் திறக்கவே விடாதீர்கள்.

டிவியின் எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் போய்விட்டால், அதுவும் பெரிய இடி மழைக்கு அடுத்த நாள் போயிருந்தால், மெயின்போர்டு அடிபட்டிருக்கும். ஏப்ரல், அக்டோபர் பக்கத்து மாலை இடிகளில் இது நடக்கும். மின்சார வயர் வழியாக மட்டுமல்ல, ஆஸ்ட்ரோ டிஷ் கேபிள் வழியாகவும் அதிர்வு உள்ளே வரும். டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் போர்டின் விலையைக் கேளுங்கள். புதிய டிவி விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்கச் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: யூஎஸ்பி-சி அடாப்டர் போட்டேன், லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை

மெல்லிய லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ துளையே இருக்காது, நீள்வட்ட யூஎஸ்பி-சி துளைதான். இதில் ஏமாறுவது எளிது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது. சிலவற்றில் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான் போகும்.

துளையின் பக்கத்தில் பாருங்கள். மின்னல் அம்புக்குறி இருந்தால் தண்டர்போல்ட், படம் வரும். டி (D) எழுத்தும் பி (P) எழுத்தும் பின்னியது போன்ற சின்னம் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், அதிலும் வரும். எந்தக் குறியும் இல்லையென்றால் லேப்டாப் மாடல் எண்ணைத் தேடி, தொழில்நுட்ப விவரத்தில் யூஎஸ்பி-சி வரிசையில் "டிஸ்ப்ளேபோர்ட்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு துளை இருந்தால் ஒன்றில் மட்டும் அந்த வசதி இருக்கக்கூடும், மற்றதிலும் போட்டுப் பாருங்கள்.

வசதியே இல்லையென்றால் எத்தனை அடாப்டர் வாங்கினாலும் வராது. பழைய செவ்வக யூஎஸ்பி துளையில் போடும் வேறு வகை எச்டிஎம்ஐ அடாப்டர்கள் உண்டு. அவற்றுக்குத் தனி டிரைவர் போட வேண்டும். படக்காட்சிக்குப் போதும், வேகமான வீடியோவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய விஜிஏ துளை மட்டுமே உள்ள லேப்டாப்பாக இருந்தால், "விஜிஏ டு எச்டிஎம்ஐ" என்று எழுதிய கன்வர்ட்டர் வேண்டும். "எச்டிஎம்ஐ டு விஜிஏ" வேறு சாமான். இவை ஒரு திசையில்தான் வேலை செய்யும். யூஎஸ்பி வழியாக அதற்கு மின்சாரமும் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: படம் வருகிறது, சத்தம் லேப்டாப்பிலேயே கேட்கிறது

கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் சின்னத்தை அழுத்தி, சத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். டிவியின் பெயர் பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கிலும் மேல் பட்டியில் இதே தேர்வு உண்டு. வீடியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடித் திரும்பத் திறந்தால்தான் சிலசமயம் மாறும். ஸூம் போன்ற செயலிகளுக்குள் ஸ்பீக்கர் தேர்வு தனியாக இருக்கிறது, அங்கேயும் மாற்ற வேண்டும்.

டிவி பெயர் பட்டியலிலேயே இல்லையா? கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள், எச்டிஎம்ஐ சத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. விஜிஏவில் சத்தம் போகவே போகாது. கன்வர்ட்டரில் தனி ஆடியோ துளை இருந்தால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து அதற்கு ஒரு சின்ன வயர் போடுங்கள்.

மண்டபமாக இருந்தால் டிவி ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். ஹெட்போன் துளையிலிருந்து நேராக மிக்சருக்கு வயர் போட்டுவிடுங்கள், சவுண்ட் சிஸ்டம் அண்ணனிடம் கேட்டால் வயர் வைத்திருப்பார்.

அறிகுறி: ஓரம் வெட்டுப்படுகிறது, அல்லது எழுத்து மங்கலாக இருக்கிறது

கீழே உள்ள டாஸ்க்பார் பாதி மறைந்திருந்தால் டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது. லேப்டாப்பில் எதையும் மாற்றாதீர்கள், டிவியில் மாற்றுங்கள். படத்தின் அளவு பற்றிய மெனுவில் சாம்சங்கில் "ஸ்கிரீன் ஃபிட்" அல்லது "ஃபிட் டு ஸ்கிரீன்", எல்ஜியில் "ஜஸ்ட் ஸ்கேன்", சோனியில் "ஃபுல் பிக்சல்" என்று இருக்கும்.

எழுத்து மட்டும் மங்கல், எக்செல் எண்களைச் சுற்றி நிறம் கசிவது போலத் தெரிகிறது என்றால், அந்த எச்டிஎம்ஐ வாயிலின் பெயரையோ சின்னத்தையோ "பிசி" என்று மாற்றிப் பாருங்கள். பல சாம்சங், எல்ஜி டிவிகளில் இந்த ஒரு மாற்றமே எழுத்தைக் கூர்மையாக்கிவிடும். பிறகு லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் டிவியின் ரெசல்யூஷன் "ரெக்கமெண்டட்" என்று எழுதியதாக இருக்கிறதா என்று பாருங்கள். "டூப்ளிகேட்" நிலையில் லேப்டாப்பின் குறைந்த ரெசல்யூஷனே டிவிக்கும் போகலாம். "செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி" போட்டால் டிவி தன் முழு அளவில் காட்டும்.

அறிகுறி: மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது

4கே டிவியில் படம் நொடிக்கு 30 முறை மட்டும் மாறினால் இப்படித்தான் இருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட் 30 ஹெர்ட்ஸ் என்று காட்டினால், 60 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிவி மெனுவில் அந்த வாயிலுக்கு உயர்தர சிக்னலை அனுமதிக்க வேண்டும். அதற்குச் சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", எல்ஜியில் "எச்டிஎம்ஐ டீப் கலர்" என்ற பெயர்.

எச்டிஎம்ஐ 1.4 மட்டும் உள்ள லேப்டாப்பில் 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வராது, 2.0 வேண்டும். அப்படியென்றால் 1080 அளவுக்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்துக்கு அதுவே கண்ணுக்கு இதம். இதற்காக லேப்டாப் மாற்றத் தேவையில்லை.

அறிகுறி: படம் விட்டு விட்டுக் கருப்பாகிறது

சரியாகச் சில நிமிடம் கழித்து மொத்தமாக அணைகிறதா? அது லேப்டாப் தூங்கிவிடுவது. சார்ஜரைச் செருகுங்கள், பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்கள். மூடியைச் சாத்தி வைக்க விரும்பினால், மூடியைச் சாத்தும்போது "டூ நத்திங்" என்றும் மாற்ற வேண்டும். கல்யாணத்தில் படக்காட்சி ஓட்டுகிறவர்கள் விருந்தினர் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் ஒரு நொடி கருத்து மீள்கிறதா? அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றனவா? சிக்னல் வழியில் தேய்கிறது. கேபிளைத் தொட்டால் கருக்கிறது என்றால் கேபிளோ துளையோ தளர்ந்திருக்கிறது. தொடாமலே வருகிறது என்றால் ரெசல்யூஷனை 4கேயிலிருந்து 1080க்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் கேபிளுக்கு அவ்வளவு தரமில்லை என்று பொருள். "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்ற முத்திரையுள்ள கேபிள் 4கே 60 ஹெர்ட்ஸைத் தாங்கும். வீட்டுக்கு இரண்டு மீட்டர் போதும், நீளமாக வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

மண்டபத்தில்தான் நீளம் தொல்லை கொடுக்கும். மேடை டிவியிலிருந்து பின்வரிசை மேசை வரை இழுக்கிறார்கள். சாதாரணச் செம்புக் கேபிளைப் பத்து மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை. அதற்கு மேல் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் நல்லது. அதன் ஒரு முனையில் "சோர்ஸ்", மறுமுனையில் "டிஸ்ப்ளே" என்று இருக்கும். மாற்றிச் செருகினால் படம் வராது. தரையில் ஒட்டிய பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அதனால் ஒட்டும் முன் ஒருமுறை படம் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை மேடைப் பக்கமே வைத்து, கையில் ஒயர்லெஸ் கிளிக்கர் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு.

அறிகுறி: எல்லாம் வருகிறது, நெட்ஃபிளிக்ஸ் மட்டும் கருப்பு

சத்தம் கேட்கும், மெனு தெரியும், படம் மட்டும் கருப்பு. இது காப்புரிமைப் பாதுகாப்பு. லேப்டாப், கேபிள் வழி, டிவி எல்லாம் எச்டிசிபி என்ற பூட்டுக்கு ஒத்துக்கொண்டால்தான் படம் திறக்கும். நடுவில் பழைய ஸ்ப்ளிட்டர், விஜிஏ கன்வர்ட்டர் இருந்தால் எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். "எக்ஸ்டெண்ட்" நிலையில் இரண்டாவது மானிட்டர் ஏதாவது இருந்தால் அதையும் கழற்றுங்கள். அப்படியும் இல்லையென்றால், ஸ்மார்ட் டிவியில் அந்தச் செயலி இருக்கும், அதிலேயே பாருங்கள். லேப்டாப் தேவையே இல்லை.

அறிகுறி: ஒயரில்லாமல் அனுப்பினால் டிவி பட்டியலில் வருவதில்லை

விண்டோஸில் விண்டோஸ் கீயும் கே எழுத்தும் அழுத்தினால் தேடும். டிவியில் ஸ்கிரீன் மிரரிங் பக்கம் திறந்திருக்க வேண்டும். மேக்குக்கு இந்த வழி கிடையாது, ஏர்பிளே உள்ள டிவி வேண்டும்.

குரோமிலிருந்து "காஸ்ட்" செய்பவர்கள் டிவியும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். "கெஸ்ட்" வைஃபையில் ஒன்று இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. ஹோட்டல், ஹோம்ஸ்டே வைஃபையில் பெரும்பாலும் வராது, அங்கே போகும்போது கேபிள் எடுத்துப்போங்கள். அலுவலக லேப்டாப்பில் விபிஎன் ஓடினால் அணைத்துவிட்டு முயலுங்கள். நிறுவனமே தடுத்திருந்தால் உங்களால் மாற்ற முடியாது.

படம் தெரிந்தும் தடங்கித் தடங்கி வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். பூஜை, கல்யாணம், தேர்வு என்று தவறக்கூடாத நாளுக்கு நான் ஒயரில்லா வழியைப் பயன்படுத்தவே மாட்டேன்.

அறிகுறி: கேபிளைச் செருகும்போது கை சுரீர் என்கிறது

இதை மட்டும் "பழகிவிட்டது" என்று யாரும் விடாதீர்கள். லேப்டாப்பின் உலோக உடலில் விரல் வைத்தால் மெல்லிய நடுக்கம், எச்டிஎம்ஐ தலை டிவியைத் தொடும்போது சிறு பொறி. எர்த் இணைப்பு சரியில்லாத இடத்தில் இது வரும். ஆளுக்கும் ஆபத்து, அந்தப் பொறியே எச்டிஎம்ஐ துளையை எரித்துவிடவும் செய்யும்.

உடனே இரண்டு சுவர் சுவிட்சுகளையும் அணைத்துப் பிளக்கை உருவுங்கள். லேப்டாப் சார்ஜர் மூன்று முள் பிளக்கா என்று பாருங்கள். இரண்டு முள் பிளக்கைப் பேனாவாலோ குச்சியாலோ மேல் துளையைக் குத்தித் திறந்து செருகும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சார்ஜரானால் நம் ஊர் மூன்று முள் வயர் வாங்கி மாற்றுங்கள், வயர் மட்டும் தனியாகக் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

நடுக்கம் நின்றால் எக்ஸ்டென்ஷன் போர்டைத் தூக்கி எறியுங்கள். எல்லாச் சுவர் பிளக்கிலும் இருந்தால் வீட்டு வயரிங்கில் எர்த் அறுந்திருக்கலாம். அதற்குமேல் நீங்களும் தொடக்கூடாது, என்னைப் போன்றவர்களும் தொடக்கூடாது. சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் டிரிப் சுவிட்சையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அந்த அறையில் லேப்டாப்பை டிவியோடு இணைக்காதீர்கள்.